வருகைக் குழு கூடிய நாள்

“கையெழுத்து யாருதுங்கிறேன்! உங்களுதுதானே டீச்சர்? இல்லேன்னு சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன்!”

“எதுக்கு இல்லேன்னு சொல்லணும்? என் கையெழுத்துதான். அதுக்காக வீட்டு வாசல்ல வந்து கத்துவியா?”

“காலேஜுல கேட்டுக்குள்ள விட மாட்டேங்கிறாக. பெறகு எங்கன போயிக் கத்த?”

காலை ஏழு மணி. தேனி பங்களாமேட்டில் அந்தத் தெருவுக்கு இப்படி ஒரு விடியல் வாய்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பால் பாக்கெட் எடுக்க வந்தவர்கள் பாக்கெட்டோடு அப்படியே நின்றார்கள். எதிர்வீட்டுக் கஸ்தூரியம்மாள் செம்பருத்திக்கு மூன்றாவது வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தச் செடி அதுவரை ஒரு நாளில் ஒரு செம்புக்கு மேல் கண்டதில்லை.

கேட்டுக்கு வெளியே, மகளுக்குப் பரீட்சை இல்லை என்று கல்லூரி அனுப்பிய காகிதத்தோடு நின்றவள் முத்துலட்சுமி. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவள். உள்ளே, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றவர் ஜெபமணி. கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவர். அப்பா காலத்தில் பஜாரில் பூட்டு, ஆணி, கொண்டி விற்ற குடும்பம். இருபத்தி இரண்டு வருஷமாக அந்தத் தெருவில் அவர் குரல் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு மட்டும்தான் உயர்ந்திருக்கிறது. சண்டை போட்டுப் பழக்கமில்லாதவர்கள் சண்டை போட்டால் எப்படி இருக்கும்? குரல் பாதியில் கீச்சென்று போய்விட்டது.

“உன் மகளுக்கு வருகை அறுபத்தி மூணு பர்சென்ட். நாங்க கூப்பிட்டு விசாரிச்சோம். அஞ்சு பேர் முன்னாடி நின்னு எதுத்துப் பேசினா. மன்னிப்புக் கேளுன்னா கேக்க மாட்டேன்னா. பெறகு பரீட்சைக்கு எப்படி விடுறது? நீயே சொல்லு.”

முத்துலட்சுமி திரும்பி மகளைப் பார்த்தாள். கயல் அதுவரை அம்மாவின் முந்தானையை இழுத்துக்கொண்டு, “போதும் வாம்மா, ஊரே பாக்குது” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பி.காம் மூன்றாம் வருஷம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டால் ஜூலையில் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஆளெடுக்க வந்தவர்கள் காகிதமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எழுதாவிட்டால் அடுத்த வருஷம் அதே பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். வேலை யாருக்கோ போய்விடும்.

“நானா மேடம் எதுத்துப் பேசினேன்?”

“நீதான். மினிட்ஸ்ல இருக்கு.”

“என்னைக்கு மேடம்?”

“பதினேழாம் தேதி, திங்கக்கிழமை, பதினொன்றரை மணிக்கு.” தீர்மானப் புத்தகத்தைத் தேதி, கிழமையோடு சொல்வதில் ஜெபமணிக்கு ஒரு பெருமை உண்டு.

கயல் அம்மாவின் முந்தானையை விட்டாள். பிறகு, வகுப்பில் விடை சொல்கிற பிள்ளை மாதிரி தணிந்த குரலில் சொன்னாள்.

“அன்னைக்கு நீங்க சின்னமனூர்ல இருந்தீங்க மேடம். சுருளிராஜன் சார் பொண்ணு கல்யாணம். நான் கேட்டரிங் ஆளுகளோட பரிமாற வந்திருந்தேன். ரெண்டாவது பந்தியில ஓரத்துல நாலு பேரும் வரிசையா உக்காந்திருந்தீங்க. சுருளிராஜன் சார் பின்னாடி நின்னுக்கிட்டு, எங்க மேடத்தை நல்லாக் கவனிங்கன்னு சொன்னாரு. பாயசம் நான்தான் ஊத்தினேன். கையைக் காட்டி இன்னொரு கரண்டி கேட்டீங்க.”

கஸ்தூரியம்மாளின் வாளி நிரம்பி வழிந்தது.

ஜெபமணிக்குப் பாயசம் ஞாபகம் வந்தது. ஜவ்வரிசி, முந்திரி எல்லாம் ஞாபகம் வந்தது. ஊற்றிய கை ஞாபகம் வந்தது, பச்சை ரப்பர் வளையல் போட்ட கை. முகம் மட்டும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே வரும்!

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இங்கே அந்தக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பேர் வேண்டாம், பேர் சொல்லி நமக்கென்ன ஆகப்போகிறது. அது தன்னாட்சி பெற்ற கல்லூரி. எல்லாவற்றுக்கும் ஒரு குழு. பாடம் சேர்க்க ஒன்று, பாடம் நீக்க ஒன்று, பிள்ளைகள் எந்தப் படிக்கட்டில் உட்காரலாம் என்பதற்கு ஒன்று, கேண்டீன் வடைக்கு ஒன்று. எல்லாக் குழுவுக்கும் மேலே கல்விக் குழு. வருகைக் குழுவின் வேலை சுலபமானது. எழுபத்தைந்து சதவீதம் வந்த பிள்ளை பரீட்சை எழுதலாம். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுதலாம். அறுபத்தைந்துக்கும் கீழே போன பிள்ளையை மட்டும் நேரில் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டு, எழுதலாமா கூடாதா என்று முடிவு சொல்ல வேண்டும். ஐந்து பேர், ஜெபமணிதான் அழைப்பாளர்.

இன்னொரு வழக்கமும் உண்டு. குழுக் கூட்டம் இருக்கிற அன்றைக்கு ஆசிரியருக்கு ‘ஆன் டியூட்டி’. வகுப்பு எடுக்க வேண்டாம், லீவும் கழியாது. ஆகையால் முகூர்த்த நாளில் யார் வீட்டிலாவது விசேஷம் என்றால், அந்தத் தேதியில் ஏதாவது ஒரு குழு கூடியதாக எழுதிவிடுவார்கள். தேனிப் பக்கம் தை, மாசி, வைகாசியில்தான் கல்விப் பணி மும்முரமாக நடக்கும். பதினேழாம் தேதி பதினொன்றரை மணிக்கு வருகைக் குழு கூடியது. அதில் பட்டு வேட்டியும் மாலையுமாகப் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த சுருளிராஜனும் கலந்துகொண்டார். அவர் இயற்பியல்காரர். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்களா என்று பார்க்கிற குழு, தான் வந்ததாகப் பொய் எழுதிக்கொண்டு போய்ச் சாப்பிட்டிருக்கிறது. இந்த ஒரு வரி, கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெபமணியின் மண்டைக்குள் பழனிசெட்டிபட்டி தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்தது.

அலுவலகத்தில் ஸ்டான்லியைக் கூப்பிட்டார். மினிட்ஸ் எழுதுகிற கிளார்க். ஜெபமணியின் சபையில் கீபோர்டு வாசிக்கிற பையன்.

“கயல் விஷயம் யார் எழுதினது?”

“நான்தான் மேடம்.”

“எதுத்துப் பேசினான்னு நீ எப்படி எழுதின?”

ஸ்டான்லி தலையைச் சொறிந்தான். “போன வருஷத்து மினிட்ஸைப் பாத்து எழுதினேன் மேடம். எப்பவும் அப்படித்தான். போன வருஷம் விஷால்னு ஒரு பையன் வந்து சத்தம் போட்டான்ல? அதுல பேரையும் தேதியையும் மாத்தினேன். அவன்ங்கிறதை அவள்னு மாத்தினேன். நீங்க அஞ்சு பேரும் வாசிச்சுட்டுத்தான கையெழுத்துப் போடுவீங்க?”

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அதுதான் ஜெபமணிக்குச் சுருக்கென்றது. விஷால் கத்தியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் கத்தலைத்தான், மினிட்ஸை அப்படியே நம்பி, இன்று காலையில், தெருவே கேட்க, ஒரு வார்த்தை பேசாத பெண்ணின் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்.

கயலுக்கு என்ன காரணம் என்று அப்புறம்தான் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார். குழு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்பா மொக்கைச்சாமி போன வருஷம் போடிமெட்டு மலைப்பாதையில் எஸ்டேட் ஜீப்பிலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருக்கிறார். முகூர்த்த நாளெல்லாம் கயல் பந்தி பரிமாறப் போகிறாள். ஆசிரியர்கள் எந்தெந்த நாள் கல்லூரிக்கு வரவில்லையோ, அந்தந்த நாள்தான் அவளும் வரவில்லை.

வியாழக்கிழமை கல்விக் குழு. அங்கே உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஜெபமணி முடிவு செய்தார். ஒரு தாளில் எழுதியும் வைத்தார்: ‘மேற்படி கூட்டம் நடைபெறவில்லை.’ மூன்றே வார்த்தை. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கூட்ட அரங்கு வாசலில் சுருளிராஜன் நின்றிருந்தார்.

“ஸ்டான்லி சொன்னான். என்னக்கா இது, வேண்டாத வேலை? அஞ்சு பேருக்கும் மெமோ வரும். எம்மக கல்யாணம் மினிட்ஸ்ல ஏறும். நீங்க ஜூன்ல தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆகப்போறவுக.”

“அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும் சார்.”

“போக வேணாம். யாரு போகச் சொன்னது? கருணை அடிப்படைன்னு ஒரு வார்த்தை போடுங்க. புள்ளையும் பரீட்சை எழுதும், நம்ம மானமும் நிக்கும். யாருக்கு நட்டம்?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஏழாவது பொருள் வந்தபோது ஜெபமணி எழுந்தார். கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். மூடினார். “குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு, கருணை அடிப்படையில், மாணவியை அனுமதிக்கலாம்” என்றார். அந்தக் ‘கருணை’ வாயைவிட்டு வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முதல்வர் நல்ல மனிதர். “பாவம், எழுதட்டுமே” என்றார். மூலையிலிருந்து ஒருவர், “ஆனா எதுத்துப் பேசியிருக்குன்னு இருக்கே? சும்மா விட்டா நாளைக்கு எல்லாரும் பேசும். மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கிட்டு விடலாம்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சுருளிராஜன் நன்றாகவே ஆட்டினார். ஜெபமணியும் ஆட்டினார். பிறகு போண்டா வந்தது.

மத்தியானம் கயலைத் துறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துரு. எழுதிட்டா ஹால் டிக்கெட் வந்துரும்.”

“என்ன லெட்டர் மேடம்?”

“மன்னிப்பு.”

“எதுக்கு?”

ஜெபமணி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தார். “எழுதிக் குடுத்துரு கயல். வேற வழியில்ல. என்னால இவ்வளவுதான் முடிஞ்சது.”

கயல் அவரையே பார்த்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. “சரி மேடம். என்ன நடந்துச்சோ அதையே எழுதுறேன்” என்று சொல்லி, வெளியே வராந்தாவில் உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் எழுதிக் கொண்டுவந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

‘மதிப்பிற்குரிய வருகைக் குழுவினருக்கு, வணக்கம். கடந்த 17ஆம் தேதி பகல் 11.30 மணிக்குச் சின்னமனூர் திருமண மண்டபத்தில் இரண்டாம் பந்தியில் குழுவினர் முன் நான் நேரில் ஆஜரானேன். கையில் பாயச வாளி இருந்தது. குழுவினர் என்னிடம் காரணம் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி மட்டும் கேட்டார்கள். ஊற்றினேன். அது திருப்தியளிக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். அதற்காக மிகவும் வருந்துகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள மாணவி.’

ஜெபமணி ஒருமுறை வாசித்தார். காது மடல் சுட்டது. மறுபடி வாசித்தார். இதில் துறைத் தலைவர் ‘பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், மேலே கல்விக் குழுவில் இருக்கிற எட்டுப் பேரில் ஒருவர் வாசித்தாலும் ஐந்து பேருடைய வண்டவாளமும் தண்டவாளம் ஏறிவிடும். போடாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. ‘வேற மாதிரி எழுதிக் குடும்மா’ என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பிள்ளை எழுதியும் கொடுத்துவிடும் என்றுதான் தோன்றியது. அதனாலேயே சொல்ல முடியவில்லை.

கையெழுத்துப் போட்டார். அந்த வருஷத்தில் அவர் வாசித்துவிட்டுப் போட்ட ஒரே கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளி, சனி, ஞாயிறு. போன் அடித்தாலெல்லாம் நெஞ்சு அடித்தது. ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது ஸ்டான்லி கீபோர்டிலிருந்து இவரைத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. தெருவில் கஸ்தூரியம்மாள், “டீச்சர் மெலிஞ்சு போனாகளே, கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலையோ?” என்று யாரிடமோ கேட்டது ஜன்னல் வழியாக வந்தது. வாசிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாரா, யாராவது வாசித்துத் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டாரா என்பது அவருக்கே தெளிவில்லை.

திங்கள்கிழமை கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் எழுதியிருந்தது: ‘மன்னிப்புக் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. மாணவி முழு மனதுடன் வருத்தம் தெரிவித்துள்ளார். ஏற்கப்பட்டது. கோப்பில் வைக்கவும்.’ கீழே எட்டுக் கையெழுத்து. ஏழாவது சுருளிராஜனுடையது, வால் நீட்டி, அழகாக.

ஹால் டிக்கெட்டை ஜெபமணியே எடுத்துக்கொண்டு போய் வகுப்பு வாசலில் கொடுத்தார். 

“யாருமே வாசிக்கலையா மேடம்?” என்றாள் கயல்.

“நான் வாசிச்சேன்.”

“நீங்க வாசிப்பீங்கன்னு தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். அது நல்லதாகச் சொன்னதா, கெட்டதாகச் சொன்னதா என்று ஜெபமணி இன்றைக்கும் யோசிப்பதாகக் கேள்வி.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கயல் முதல் வகுப்பில் தேறி ஓசூருக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து அதே கம்பெனியில் வேலை பார்க்கிற கூடலூர்ப் பையன் மாரிசெல்வத்தைக் கட்டிக்கொண்டாள். முத்துலட்சுமியும் மொக்கைச்சாமியும் இப்போது அங்கன மகளோடு. கல்யாணத்துக்குக் கல்லூரியிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை. பரீட்சை முடிந்த அந்த ஜூன் மாதமே ஜெபமணி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பதவியை வேண்டாம் என்றார். சுருளிராஜன் அதில் உட்கார்ந்தார், நன்றாகவே இருக்கிறார். ஸ்டான்லி கணிதத் துறைக் கௌரவ விரிவுரையாளர் சுபாஸ்ரீயைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இரண்டு வீட்டுக்கும் பயந்து போடிக்குக் குடிபோனான். ஜெபமணி நான்கு வருஷம் சர்வீஸ் பாக்கியிருக்க விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டை ஒரு மிளகு வியாபாரிக்கு விற்று, தாம்பரத்தில் மகன் வீட்டுக்குப் போனார். லாரியில் சாமான் ஏற்றிய அன்று தெருவே வந்து வழியனுப்பியது. எதற்காகப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கஸ்தூரியம்மாள்கூடக் கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.