குவாரிச் சாலையில் ஒரு ஒத்திகை

பனி உருகும் ஏப்ரலில் வெர்மாண்ட் மாநிலத்தின் மண்சாலைகளில் அவசரம் இல்லாதவர்கள் வண்டி எடுக்க மாட்டார்கள். அதனால்தான் ரோவீனா தன் நாவலின் கொலைகாரனை அந்த மாதத்தில் பிணத்தோடு அனுப்பியிருந்தாள். சாலையெல்லாம் சேறு, ஆள் நடமாட்டம் கிடையாது, கைவிட்ட கல்குவாரியில் தண்ணீர் தளும்பி நிற்கும். இதைவிட வசதி ஒரு கொலைகாரனுக்கு வேறு என்ன வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. நியூயார்க்கில் இருந்த பதிப்பாசிரியை கரோலாவுக்குப் படவில்லை.

"ஒரு வீட்டுல தும்முனா அடுத்த பண்ணையில கேக்கும்னு மொத அத்தியாயத்துல நீங்களே எழுதியிருக்கீங்க," என்றாள் கரோலா போனில். "அதே ஊர்ல ஒருத்தன் பட்டப்பகல்ல பொணத்த ஏத்திக்கிட்டுப் போறான், ஒரு ஈ காக்கா பாக்கல. யாரு நம்புவா? கதையே அதுலதான் நிக்குது. அதச் சரிபண்ணுங்க. முடியலேன்னா இந்தப் புத்தகம் எங்களுக்கு வேண்டாம்."

மூன்று குளிர்காலம் உட்கார்ந்து எழுதிய புத்தகம். போனை வைத்த கையோடு ரோவீனா ஒரு முடிவுக்கு வந்தாள். நடக்காது என்கிறவளுக்கு நடத்திக் காட்டிவிட்டுத்தான் மறுபேச்சு.

மறுநாள் காலை, கணவன் லைலின் பழைய வேலையுடுப்புக்குள் கோழித்தீவனத்தைத் திணித்தாள். ஓர் ஆளின் கனம் வந்ததும் கால்களில் பூட்ஸை மாட்டி, நீலத் தார்ப்பாயில் சுருட்டிக் கயிறு கட்டினாள். லைல் தங்கை வீட்டுக் கூரையைச் சரிசெய்ய மெய்ன் மாநிலத்துக்குப் போயிருந்தான். இருந்திருந்தால் தூக்கிவிட்டிருப்பான், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டியும் இருப்பான். ஒற்றை ஆளாக அதை இழுத்துப் புரட்டி டிரக்கின் பின்தட்டில் ஏற்றுவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. கொலைகாரனுக்கும் முட்டும், அதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரைத் தாண்டும் முன்பே பள்ளிப் பேருந்து எதிரே வந்தது. ஓட்டுநர் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். தூக்காமல் போனால்தான் ஊரே பேசும். அவர் பார்த்தது கணக்கில் சேராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குவாரிச் சாலையின் ஏற்றத்தில் டிரக் உட்கார்ந்துவிட்டது. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. இறங்கி, மண்வெட்டியால் சேற்றை வெட்டிக்கொண்டிருக்கும்போது டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்துப் பண்ணை ஆர்மண்ட், மேப்பிள் மரச்சாறு சேகரிக்கும் தொட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

"இந்த வண்டிய வாங்கும்போதே லைல்கிட்ட சொன்னேன், தார் ரோட்டுல படம் காட்டத்தான் லாயக்குன்னு," என்றபடி இறங்கிச் சங்கிலியை எடுத்தார். பின்தட்டுப் பக்கம் வந்தவர் நின்றார். தார்ப்பாய் விலகி ஒரு பூட்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை உள்ளே தள்ளி, கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். "நீ போட்ட முடிச்சு வழியிலயே கழண்டுபோயிரும்மா."

பிறகு டிரக்கை இழுத்து மேட்டில் ஏற்றினார். "குவாரிக்கா? கீழ்ப்பாதையில போ, சரளை கொட்டியிருக்கு," என்று சொல்லி டிராக்டரில் ஏறப் போனார்.

ரோவீனா டிரக்கில் ஏறாமல் நின்றாள். பார்த்துவிட்டார். கரோலா சொன்னதுதான் சரி, புத்தகம் போயிற்று. ஆனால் வேறெதுவோ உறுத்தியது. அப்படியே விட அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆர்மண்ட், இதுல என்ன இருக்குன்னு கேக்கமாட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா கேக்கணும்?"

"பூட்ஸப் பாத்தீங்கல்ல."

"பாத்தேன். லைலோடது."

"பாத்துட்டு என்ன நெனச்சீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவன் ஒரு வாரமாக் கண்ணுல படல. போன மாசம் ஊர்க்கூட்டத்துல நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்திருந்தீங்க. சரி, லைல்தான் போலன்னு நெனச்சேன்."

"அப்படி நெனச்சுட்டா முடிச்சுப் போட்டுக் குடுத்தீங்க?"

"வண்டி மாட்டிக்கிச்சே. மொதல்ல அத எடுக்க வேண்டாமா?"

"நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா?"

"சொல்லிருவேன். நமக்குப் பொய் வராது."

"கேக்கலேன்னா?"

"கேக்காத கேள்விக்கு எவனாவது வீடு தேடிப் போய்ப் பதில் சொல்லுவானா?"

அவள் தார்ப்பாயைப் பிரித்துக் காட்டினாள். ஆர்மண்ட் ஒரு பிடி தீவனத்தை அள்ளி முகர்ந்தார். "நல்ல தீவனம். மூடி வை, தூறல் வரும்போல இருக்கு." அவ்வளவுதான்.

"உங்களக் கதையில போட்டுக்கட்டுமா? கொலைகாரனோட வண்டிய இழுத்துவிடுற ஆளா?"

"பேர மாத்திரு," என்றார். சற்று யோசித்து, "டிராக்டர மாத்தாத."

வீட்டுக்கு வந்ததும் சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கரோலாவை அழைத்தாள்.

"யாருமே பாக்கலன்னு எழுதுனது என் தப்பு. எல்லாரும் பாத்தாங்க."

"அப்புறம் எப்படித் தப்பிச்சான்?"

"வண்டிய இழுத்துவிட்டாங்க, கயித்தக் கட்டிக் குடுத்தாங்க, நல்ல பாதையும் சொன்னாங்க. என்னன்னு ஒருத்தரும் கேக்கல."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "பன்னண்டாவதுலருந்து எல்லாத்தையும் மாத்தணுமே, ரோவீனா."

"மாத்துவேன்."

"எப்பத் தருவீங்க?"

ஜன்னலுக்கு வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ரோவீனா பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்து முதல் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டாள்.

"ரோடு காயறதுக்குள்ள," என்றாள்.