ஏஏ என்று எழுதிய அட்டை

என் மகள் இபிரோன்கே இரத்த அணுக்களை ஆராய்கிறவள். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் இரத்தத்தை ஓடவிட்டு, எந்தச் சிவப்பணு வளைந்து கொடுத்துப் போகிறது, எது விறைத்துப்போய்ச் சுவரில் ஒட்டுகிறது என்று எண்ணுவாள். அரிவாள் அணு நோயில் அணுக்கள் அப்படித்தான் விறைத்து, ஒட்டி, குழாயை அடைக்கும். அவள் தம்பி டெமிலாடே ஒன்பது வயதில் அந்த நோயில்தான் போனான்.

ஒப்பிட்டுப் பார்க்க நோய்க்கூறு இல்லாத இரத்தம் வேண்டுமென்றாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு இபாதான் நகரிலுள்ள அவள் ஆய்வகத்துக்குப் போனேன். மற்றவர்கள் இரத்தத்தைச் சோதித்த பிறகே சேர்ப்பவள், என்னுடையதைச் சோதிக்கவில்லை. என் கல்யாண அட்டையில் ஏஏ என்று இருப்பது அவளுக்குத் தெரியும். அப்பா சொன்னதைச் சரிபார்ப்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு.

அந்த அட்டை இல்லாமல் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. ஏஏ என்றால் சுத்தம். ஏஎஸ் என்றால் நோய் வராது, ஆனால் பிள்ளைக்குக் கடத்தலாம். இருவரும் ஏஎஸ் என்றால் போதகர் மோதிரம் மாற்ற விடமாட்டார். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அபோசெடே ஏஎஸ். நான் ஏஏ. கல்யாணம் நடந்தது.

டெமிலாடேக்கு நோய் என்று தெரிந்தபோது மருத்துவர் என் அட்டையைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார். நோய் வர வேண்டுமானால் தாயிடமிருந்து ஓர் எஸ், தகப்பனிடமிருந்து ஓர் எஸ் வரவேண்டும். என்னிடம் இல்லாதது அவனுக்கு எங்கிருந்து வந்தது? குடும்பக் கூட்டத்தைக் கூட்டினேன். நாற்பது பேர் முன்னால், இவன் என் பிள்ளை இல்லை என்றேன். அபோசெடே சத்தியம் செய்தாள். நான் அட்டையைக் காட்டினேன். அன்றே பையனோடு இலேஷாவிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இபிரோன்கேயை அனுப்பவில்லை, அவள் முகத்தில் என் முகம் இருந்தது. மறு வருடம் பையன் போனான். நான் அடக்கத்துக்குப் போகவில்லை.

இதெல்லாம் நடந்து இருபத்தாறு வருடம். சென்ற மாதம் ஒரு மதியம் இபிரோன்கே வந்தாள். வழக்கம்போல் முழங்காலிட்டு வணங்கியவள் எழுந்திருக்கவில்லை. ஆக்சிஜனை நன்றாகக் குறைத்ததும் என் அணுக்களில் சில விறைத்து ஒட்டினவாம். ஏஏ இரத்தத்தில் அப்படி நடக்காது, கருவியில்தான் கோளாறு என்று மூன்று வாரம் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறாள்.

"அப்பா, நீங்க ஏஎஸ். ரெண்டு இடத்துல சோதிச்சுட்டேன். அம்மா மேல நீங்க சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது."

அந்த அட்டையை எழுதியவர் என் சொந்த அண்ணன் ஒலகுன்ஜு. அப்போது மருத்துவமனை ஆய்வகத்தில் தலைமைப் பொறுப்பு. நான் அவர் வீட்டுக்குப் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாடா அடிசா, அமலாக் களி சூடா இருக்கு. கையக் கழுவு."

நின்றபடியே கேட்டேன். மறுக்கவில்லை. அந்தப் பெண் இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று நான் அழுதேனாம். தாங்கமுடியாமல் ஓர் எழுத்தை மாற்றினாராம். அது போகட்டும், கூட்டத்தில் ஏன் வாய் திறக்கவில்லை என்றேன். அன்று என் வலப்பக்கம் உட்கார்ந்து என் தோளில் கை போட்டிருந்தவர் அவர்.

"வேல போயிருக்கும்டா. நீயும் ஒரு வார்த்த என்கிட்ட கேக்காம கூட்டத்துல கொட்டிட்ட. உன்ன யாரு அவ்வளவு அவசரப்படச் சொன்னது? இப்பப் போயி இதத் தோண்டினா நம்ம குடும்ப மானம் என்னாவும்?"

அந்தக் கேள்வியை ஆயுள் முழுக்க மற்றவர்களிடம் கேட்டு வந்தவன் நான். அவர் வாயில் கேட்டபோது அருவருப்பாக இருந்தது. என் பக்கம் நின்றவர் என்று இருபத்தாறு கிறிஸ்துமஸுக்கும் என் வீட்டு ஆட்டின் தொடையை அவருக்குத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் மகளோடு இலேஷாவுக்குப் போனேன். அபோசெடே வாசலுக்கு வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. பெரியவர்கள் முன் விழுவதுபோல் நெடுஞ்சாண்கிடையாகத் தெருவில் விழுந்தேன். கணவன் மனைவிக்கு முன் விழுவது எங்களிடம் இல்லை. எதிர்வீட்டுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நடந்ததைத் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

அவள் குரல் உயர்த்தாமல் சொன்னாள்:

"எந்திரிங்க, சட்ட அழுக்காவுது. அட்டையில பொய் எழுதினது உங்க அண்ணன், சரி. பத்து வருஷம் கூட இருந்தவள விட்டுட்டு அட்டைய நம்பினது யாரு? நாப்பது பேரு முன்னாடி சொன்னத இங்க வந்து மண்ணுகிட்டச் சொன்னா ஆச்சா? அங்க போய்ச் சொல்லுங்க. எம்புள்ள பேரையும் சொல்லுங்க."

மகளை உள்ளே கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் வண்டியில் காத்திருந்தேன்.

வரும் ஞாயிறு குடும்பக் கூட்டத்துக்கு எல்லோருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். அபோசெடேக்கும் ஆள் போயிருக்கிறது. வருவதும் வராததும் அவள் விருப்பம். நேற்று அண்ணனிடமிருந்து தகவல் வந்தது: முழங்கால் வலி, படி இறங்க முடியவில்லை, கூட்டத்தைத் தள்ளிப்போடு என்று.

தள்ளிப்போட வேண்டியதில்லை, கூட்டம் உங்கள் வீட்டிலேயே நடக்கும், வாடகை நாற்காலிகளை அங்கேயே இறக்கச் சொல்லிவிட்டேன் என்று பதில் அனுப்பினேன்.