கரி போட்ட மண்

பங்காருபாளையம் பக்கத்தில் சுந்தரம்மாவும் கணவன் துலுக்காணமும் குத்தகைக்கு எடுத்த நிலம், கல்லாக இறுகிய செம்மண். மாந்தோப்புகளில் கழித்துப்போட்ட கிளைகளையும் வேர்க்கடலைத் தோலையும் குழியில் மூட்டம் போட்டு எரித்து, சாம்பலாவதற்குள் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அந்தக் கரியைச் சாணக் கரைசலில் ஊறவைத்து வருஷாவருஷம் மண்ணில் கலந்தார்கள். புகையில் நின்று நின்று துலுக்காணத்தின் நெஞ்சு கெட்டது. ஆனால் மண் பொலபொலவென்று ஆகி, இந்த வருஷம் வேர்க்கடலை கொத்துக்கொத்தாகக் காய்த்தது.

அறுவடை முடிந்ததும் திருப்பதியிலிருந்து நிலத்துக்காரர் ராம்ப்ரசாத் வந்தார்.

“இனிமே நானே பயிர் வெச்சுக்கறேன். நீங்க கூலிக்கு வாங்கோ.”

“கரி போட்டு நாங்க தேத்துன மண்ணு சார் இது,” என்றாள் சுந்தரம்மா.

“நான் போடச் சொன்னேனா?”

போட்ட கரியைப் பிரித்து எடுத்துப் போகவும் முடியாது.

“வேற நெலம் புட்ச்சி மறுபடியும் போடலாம்யா,” என்று வீட்டில் புருஷனிடம் சொன்னாள்.

“இன்னொரு தபா பொகையில நிக்க எனக்கு மூச்சு இல்லம்மே,” என்றான் துலுக்காணம்.

அடுத்த விதைப்புக்கு அவள் மட்டும் அதே நிலத்துக்குக் கூலியாகப் போனாள். கூட வந்த பெண்கள் மண்ணை அள்ளிப் பார்த்து மெச்சினார்கள். அவள் விதை போட்டுக்கொண்டே போனாள்.