டப்பா மாவும் சின்னதுரையின் கன்னமும்

1

இந்தக் கதை எனக்குத் திண்டிவனத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. துருப்பிடித்த மாவு டப்பா, அதன்மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். இந்தச் சிரிப்பு யாரையெல்லாம் நம்பவைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1942ஆம் ஆண்டு, உலக யுத்தத்தின் கொடும்பிடியில் சிக்கிய..."

(வேண்டாம். இந்தக் கதையின் தாய்க்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளையின் பசிதான்.)

2

இருதயமேரி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் கூலிக்காரி. புருஷன் சவுரிராயன் விழுப்புரம் ஸ்டேஷனில் கரி அள்ளுகிறான். லீவு கிடைக்காமல் அவன் பிள்ளையைப் பார்த்தே மாதக்கணக்காகிறது. இவளுக்கோ பால் வற்றிவிட்டது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று தவித்தவளிடம் சந்தைக்கடை சீனுவாசன் டப்பாவை நீட்டினான்.

"தொரைமாரு வூட்டுப் புள்ளைங்க இதான் குடிக்குது. கேப்பைக் கூழெல்லாம் வுட்டுடு."

(அவனை மோசக்காரனாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தன் பிள்ளைக்கும் அவன் அதைத்தான் கரைத்துக் கொடுத்தான்.)

டப்பாவில் இருந்தது வெறும் கிழங்கு மாவு. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. மல்லாட்டைத் தூசி படிந்த கையைக் கழுவிவிட்டு அவள் அதைக் காய்ச்சுவாள். சத்துள்ள கேப்பையும் மல்லாட்டையும் தனக்கு, வெள்ளை மாவு பிள்ளைக்கு. ஆசையாகத்தான் செய்தாள். அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

3

பிள்ளையின் கன்னம் உப்பியது. கால் புசுபுசுவென்று ஆனது. தலைமயிர் செம்பட்டையானதும் தெருவே அவனைச் சின்னதுரை என்று கூப்பிட்டது.

"படத்துல கீற மாதிரியே ஆயிட்டான்டி உம்புள்ள" என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்.

"கண்ணு வைக்காதக்கா" என்று சிரித்தபடி மேரி அவன் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள்.*

அவன் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். சமத்தாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

(* அந்த உப்பல் சதையல்ல, நீர். சத்தில்லாத உணவால் வந்த வீக்கம். செம்பட்டையும் அதனால்தான். இதைச் சொல்ல ஒரு டாக்டரைக் கதைக்குள் கூட்டிவந்தேன். அவர் வந்ததும் அவளைத் திட்ட ஆரம்பித்தார். அனுப்பிவிட்டேன், தப்புத்தான்.)

4

புருஷனிடம் காட்டப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். எதிரே ஒருத்தி வறுத்த மல்லாட்டை தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை மெல்லக் கையை நீட்டியது.

"வாணாம் கண்ணு, உனுக்கு ஒத்துக்காது."

இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒரு தடவையாவது அந்தக் கையில் நாலு பருப்பு வைத்துவிடலாம் என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மேரி பிள்ளையின் கையை மடக்கிவிட்டாள்.

5

விழுப்புரம். கரிக் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தான் சவுரிராயன்.

"பாரு, எப்டி கீறான்னு" என்றாள்.

அவன் பிள்ளையின் பாதத்தைக் கட்டைவிரலால் செல்லமாக அழுத்தினான். விரலை எடுத்தான். குழி அப்படியே இருந்தது.

"இன்னா மேரி இது?"

ஒரு முடிவில் ஆஸ்பத்திரி இருக்கிறது. இன்னொன்றில்...

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.)

இருவரும் குனிந்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் முகத்தில் பெருமை இன்னும் முழுசாகப் போகவில்லை. அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்குக் கை வரவில்லை. அது வீக்கம் என்று நீங்கள் அவளிடம் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள். சொன்ன கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.