பதினொரு டிக்

சாவு வீட்டில் எப்படி நடந்துகொள்வதென்றே இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தெரியவில்லை. உள்ளே நுழையும்போதே, "நல்ல போட்டோ ஒண்ணு இல்லையா?" என்கிறார்கள். முன்னறையில் அவளே கிடக்கிறாள். அவளைப் பார்க்க வேண்டியதுதானே? மனைவியைப் பறிகொடுத்த ஃபிட்டருக்கு எரிச்சலாக வந்தது.

போட்டோவெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. மகள் அதைப் போட்டுக் கால் மணி நேரமாயிற்று. திரையில் வட்டம்தான் சுற்றியது.

"எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிடறேம்பா."

"அவன் எதுக்கு?"

"அவருக்குத்தான் இதோட வாகு தெரியும்."

எதிர்வீட்டுக்காரன், ரிட்டயரான கிளார்க், வந்தான். கண்ணிரண்டும் வீங்கிக் கிடந்தன. ஃபிட்டருக்கு இன்னும் ஒரு சொட்டு வரவில்லை.

இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல், "பைசா செலவில்லாம வேகமாக்கிடலாம் டீச்சர்" என்று வந்து அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். ஓசியில் வேலை செய்கிறவனை ஃபிட்டர் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. அதைவிட, அந்த அறையிலிருந்து வரும் அவள் சிரிப்பு. நாற்பது வருஷத்தில் தன்னோடு அப்படிச் சிரித்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

கிளார்க் அவள் நாற்காலியை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். வேண்டாத ஃபைல்களை அழித்தான். ஆன் செய்ததும் தானாகக் கிளம்பி மெஷினை மந்தமாக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தான். பதினொன்றிலும் டிக்.

"போன சனிக்கிழமைதானே அத்தனையும் எடுத்தேன்."

"அம்மா தெரியாம போட்டிருப்பாங்களோ?"

ஃபிட்டர் சுவரைப் பார்த்தார். ஞாயிறுதோறும் அவள் குளிக்கப் போன நேரத்தில் பதினொன்றையும் திரும்பப் போட்டவர் அவர்தான். எழுத்துப் புரியாது, கட்டம் புரியும். இவன் செய்யும் வேலை நிலைக்கவில்லை என்று கண்டால் அவளே இவனை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தார். அவளோ மறுபடி இவனையே கூப்பிட்டாள்.

"டீச்சருக்குத் தெரியும்மா, யார் போடறாங்கன்னு." கிளார்க் திரும்பவில்லை. "'பட்டறை மெஷினுக்கு வைக்கிற மாதிரி ஒரு கட்டம் விடாம கிரீஸ் வச்சிருக்காரு, விடுங்க. இந்த மெஷின் பக்கம் அவர் வர்றதே அதுக்குத்தான்'னு சொல்லிச் சிரிப்பாங்க. ரெண்டு பேருமே சிரிப்போம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். டிக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. மெஷின் அணைந்து எழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அவள் முகம் திரையில் வந்தது, வாய் நிறையச் சிரிப்போடு.

"இது யார் எடுத்தது?" என்றார் ஃபிட்டர்.

"நான்தான்" என்றான் கிளார்க். "நீங்க வாசல்ல ஸ்கூட்டரை உதைச்சிட்டிருந்தீங்க. உங்களைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க."

"அப்படித்தான் சொல்லுவே."

போட்டோவை அச்செடுக்க மகளும் கிளார்க்கும் கிளம்பிப் போனார்கள். ஃபிட்டர் நாற்காலியின் பிடியைத் தட்டி, அதை அவள் உயரத்துக்கு இறக்கினார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல், முன்னறைப் பக்கம் திரும்பாமல் பின்வாசல் வழியாக நடந்தார்.