மூன்று கையெழுத்தில் ஓடிய வேன்

தகர வாளி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்ட சத்தத்தில் பணிமனையே திரும்பிப் பார்த்தது. பஸ் கழுவும் இடத்தில் பைப் அக்கா செல்போனைக் காதில் வைத்தபடி அசையாமல் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்து நழுவிய ரப்பர் குழாய் தரையில் துள்ளி, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு கண்டக்டர்களின் கால்சட்டையை நனைத்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு பஞ்சாயத்து கூடியிருக்கும். அன்று ஒருவர் ஓடிப்போய்க் குழாயை மூடினார். அவள் முகம் அப்படி இருந்தது.

பெயின்டர் வேலைக்குப் போன அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டாராம். தொடை எலும்பு முறிந்திருக்கிறது. மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும். இன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால்தான் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்.

முதல் ட்ரிப்பை முடித்து வண்டியை உள்ளே விட்டுக்கொண்டிருந்த 'ஹாரன்' அப்படியே இறங்கி ஓடிவந்தார். இருபது வருஷ டிரைவர். பஸ்ஸின் ஹாரனை அவர் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகிற லாரி தானாக ஒதுங்கிவிடும். அந்தக் குரல்தான் போன வருஷம் அவரைத் தொழிலாளர் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆக்கியது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன் என்பதுதான் அவர் தேர்தலில் கொடுத்த ஒரே வாக்குறுதி.

இப்போதும் அந்தக் குரல் பணிமனை முழுக்கக் கேட்டது.

"பயப்படாத அக்கா. சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நான் எதுக்கு இருக்கேன்? வா என்கூட."

வேலையை விட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் பின்னாலேயே வந்தார்கள். நல்ல காரியம் செய்யும்போது நாலு பேர் பார்ப்பதில் ஹாரனுக்கு ஆட்சேபணை இருந்ததில்லை.

சங்கத்து அறை டயர் கிடங்கை ஒட்டி இருந்தது. எப்போதும் ரப்பர் வாசனை. ஒரு மேசை, ஒரு கணினி, கம்பி வலை அடித்த ஒரு ஜன்னல். சுவரில், மேற்பார்வை அலுவலகம் அனுப்பிய விதிகள் அச்சிட்ட பலகை ஒன்று உண்டு. ஆனால் அதன் மேல் ஒரு பெரிய காலண்டர் தொங்கியது. தலைவரான முதல் வாரத்தில் ஹாரனே மாட்டியது அது. நம்ம காசு, நம்ம சங்கம், நடுவில் எவனோ ஒருத்தன் கோடு போடுவானா என்று அன்றைக்கு அவர் கேட்டபோது எல்லாரும் கைதட்டியிருந்தார்கள்.

சங்கத்தின் செயலர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விஷயத்தைக் கேட்டாள். விசைகளைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள்.

"அக்காவுக்குக் கொடுக்க முடியாது தலைவரே. உச்சவரம்பு வரைக்கும் ஏற்கெனவே வாங்கியிருக்காங்க."

"நான் எங்கம்மா வாங்கினேன்?" என்றாள் பைப் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமான குழப்பம்தான் இருந்தது. ஹாரன் பக்கம் திரும்பினாள். "நான் ஒரு கையெழுத்துதானே போட்டேன். நீங்கதானே தலைவரே சொன்னீங்க, சும்மா பேருக்குன்னு."

ஹாரனின் காதுகள் சூடாயின. அவசரத்தில் அது அவருக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது.

பத்து மாதத்துக்கு முன் நடந்தது. அதே பணிமனையில் கண்டக்டராக இருக்கும் அவருடைய மைத்துனன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பழைய வேன் வாங்க ஆசைப்பட்டான். ஒரு உறுப்பினருக்குச் சம்பளத்தைக் கணக்கிட்டு இவ்வளவுதான் கடன் என்று சங்கத்தில் வரம்பு இருக்கிறது. அவன் பேரில் கிடைத்த பணத்துக்கு வேனின் முன்பாதிதான் வரும் என்று வீட்டில் கேலி பேசினார்கள். அக்காள்காரி, அதாவது ஹாரனின் மனைவி, கேலியோடு நிற்கவில்லை. தலைவர் பதவி எதற்குத்தான் உதவும் என்று ஒரு வாரம் சோறு போடும்போதெல்லாம் கேட்டாள்.

ஹாரன் ஒரு வழி கண்டுபிடித்தார். கடன் வாங்கும் உத்தேசமே இல்லாத இரண்டு பேரைப் பிடித்தார். ஒருத்தி பைப் அக்கா. இன்னொருவர் டயர் கிடங்கில் இருக்கும் 'பஞ்சர்'. வீட்டுச் செலவுக்கு என்று சொல்லி இருவரும் மனு எழுதிக் கொடுத்தார்கள். வந்த பணத்தை வாசலிலேயே மைத்துனன் வாங்கிக்கொண்டான். தவணை அவர்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும், அந்தத் தொகையை மைத்துனன் மாதாமாதம் கையில் கொடுத்துவிடுவான் என்பது பேச்சு. இதுவரை பெரும்பாலும் கொடுத்தும் வந்தான். மூன்று கையெழுத்தில் ஒரு முழு வேன் ஓடியது. யாருக்கும் நஷ்டமில்லை என்று ஹாரன் நினைத்திருந்தார்.

இப்போது அவர் செயலரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இந்த ஒரு தடவை மட்டும் வரம்புக்கு மேல் போட்டுக் கொடுக்க முடியாதா?

"முடியாது தலைவரே. மாசச் சம்பளத்துல பிடிச்சும் வீட்ல அடுப்பு எரியணும், ஒருத்தரே வாரிக்காம அடுத்தவங்களுக்கும் மிஞ்சணும்ல, ரெண்டுக்கும் பார்த்துத்தான் அந்த வரம்பு வெச்சிருக்கு. தாண்டிக் கொடுத்தேன்னு தணிக்கையில தெரிஞ்சா, மேலிடத்துல மொத்தக் கடனையும் நிறுத்திடுவாங்க. அப்புறம் இங்க யாருக்குமே கிடையாது." மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அந்த மனுவை எழுதும்போது வீட்டுச் செலவுக்குத்தானான்னு நான் கேட்டேன். ஆமான்னு சொன்னாங்க. நானும் நம்பினேன்" என்றாள்.

தன் பேரிலேயே எடுத்துக் கொடுக்கலாம் என்றால், வீடு கட்டியபோதே அவர் தன் வரம்பைத் தொட்டாயிற்று. ஹாரனுக்குப் பழக்கமான ஒரே வழி மறுபடியும் மனதில் வந்தது: இன்னொரு பேர். வெளியே வந்தார். முதலில் பஞ்சரைத்தான் பார்த்தார்.

"எம்பேரையும்தான் உங்க மச்சான் வேன்ல ஏத்திட்டீங்களே. இன்னும் நான் மட்டும்தான் அதுல ஏறி உக்காரலை" என்றார் பஞ்சர், பாதி சிரிப்போடு.

எலக்ட்ரீசியன் பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல பையன். கேட்டதும் எழுந்து நின்றான்.

"பைப் அக்காவுக்குன்னா கொடுத்துடறேண்ணே. ஆனா நாளைக்கு எங்க வீட்ல ஒண்ணுன்னா, நான் யார் பேரைக் கேட்டு அலையறது?"

ஹாரன் திரும்பிப் பார்த்தார். சங்கத்து வாசலில் பைப் அக்கா ஈரப் புடவையோடு உட்கார்ந்து, நாத்தனாருக்கோ யாருக்கோ போன் போட்டுக் கடன் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதாமாதம் சம்பளத்தில் சேமிப்புப் பிடித்தம் கொடுத்தவள். தனக்கென்று ஒரு ரூபாய் கடன் வாங்காதவள். சங்கம் என்று ஒன்று இருப்பதே இப்படி ஒரு நாளுக்காகத்தான். அந்த நாள் வந்தபோது அவளுடைய இடத்தில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது.

மைத்துனனுக்கு அன்று விடுமுறை. மெக்கானிக் கடை வாசலில் வேனுக்குப் புது சீட் உறை மாட்டிக்கொண்டிருந்தான். ஹாரன் சாவியைக் கேட்டார். எதற்கு என்று கேட்டான். விற்கப் போகிறேன் என்று, பைப் அக்கா விஷயத்தைச் சொன்னார். அவன் முதலில் சிரித்தான். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஊரில் வேறு ஆளே இல்லையா, வட்டிக்கு விடுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வாதாடினான்.

"பத்து வட்டிக்கு பைப் அக்கா வாங்கி, சங்க வட்டியில நீ வேன் ஓட்டணும். அதானே?"

"எங்க அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்க மாமா?"

"அவகிட்ட நான் பேசிக்கறேன். சாவியைக் கொடு."

பழைய வண்டி வியாபாரி, அவசரம் என்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு விலையைக் குறைத்தார். ஹாரன் பேரம் பேசவில்லை. மைத்துனன் உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். வந்த பணம் பைப் அக்கா பேரிலும் பஞ்சர் பேரிலும் இருந்த பாக்கிக்குச் சரியாக இருந்தது. மைத்துனனின் சொந்தக் கடன் அவன் தலையில் நின்றது. அதுதான் அவனால் சம்பளத்தில் அடைக்கக்கூடிய கடன்.

சங்கத்தை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். செயலர் பணத்தை எண்ணி வரவு வைத்தாள். பைப் அக்காவின் பழைய கடன் தீர்ந்தது. புது மனு எழுதப்பட்டது. இந்தத் தடவை காரணம் உண்மையாக இருந்தது. பணிமனையிலேயே இருந்த நிர்வாகக் குழுவினர் வந்து ஒப்புதல் கொடுத்தார்கள். பணத்தை வாங்கிய பைப் அக்கா, நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாதவள் போல ஹாரனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவர் நன்றியை எதிர்பார்க்கவும் இல்லை.

நடந்ததை எல்லாம் மேற்பார்வை அலுவலகத்துக்கு எழுதிவிடச் சொன்னார். எழுதினால் பதவி போகும் என்றாள் செயலர். போகட்டும், டிரைவர் வேலை இருக்கிறதே என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பலகையை மறைத்துக்கொண்டிருந்த காலண்டரைக் கழற்றினார். தூசிக்கு அடியில், கடன் வரம்பைச் சொல்லும் வரியின் எழுத்துகள் புதிதாகவே இருந்தன.

வாசலில் நின்ற மைத்துனனுக்கு இன்னும் ஆறவில்லை. காலிச் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி, "சுவர்ல இருக்கிற ஒரு வரிக்காக என் பொழைப்பையே வித்துட்டீங்களே மாமா" என்றான்.

ஹாரன் நாற்காலியிலிருந்து இறங்கினார். வழக்கத்துக்கு மாறாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

"அந்த வரி உனக்குக் கொடுக்கக் கூடாதுன்னு போட்டது இல்லடா, அடுத்தவங்களுக்கு மிச்சம் இருக்கணும்னு போட்டது, பத்து மாசமா நீ ஓட்டினது உன் வேன் இல்ல, அந்த அக்கா வீட்டுக்காரரோட காலு."