இடுப்பளவு வேலி

டைலரை மருமகனாக எடுத்தால் தோட்டத்துக்கே காஜா எடுத்துவிடுவார் என்று கல்யாணத்தன்று மாமனார் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

தையல் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவியின் காய்கறித் தோட்டத்துக்கு அவர் வந்து ஆறு வருடம். ரசாயனம் படாத தோட்டம். அவர் போட்ட பாத்திகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கோணலாக எதைப் பார்த்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. நாளைக்கு இயற்கை விவசாயச் சான்றிதழ் தரும் அதிகாரி வருகிறார். வடக்கு எல்லையில் வேலிச்செடிகளோ பரட்டைத் தலையோடு நிற்கின்றன. விடிந்ததும் கத்தரியை எடுத்தவர் பத்து மணிக்குத்தான் கீழே வைத்தார்.

கீரைக்கூடையோடு வந்த மனைவி நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

"வேலி. லட்சணமா இருக்குல்ல?"

"இடுப்பளவுக்கு வெட்டியிருக்கீங்க."

"முப்பத்தாறு அங்குலம். நூலளவுகூட மாறாது."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். அவள் கத்தினால் பயமில்லை. உட்கார்ந்தால்தான் பயம்.

"அழகுக்கா வளர்த்தோம்? அந்தப் பக்கம் அடிக்கிற மருந்து இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு அப்பா ஆளுயரத்துக்கு வளர்த்த வேலி. நம்ம கீரையில ஒரு தடவ மருந்து பட்டாலும் சான்றிதழ் போச்சு. மறுபடி வாங்க மூணு வருஷம்."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வயலில் சோளக்காரர் டிராக்டரில் மருந்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கமாகத்தான் வீசியது.

"ஓடுங்க. போய்ச் சொல்லுங்க."

"அவர்கிட்டயா? நானா?"

"வெட்டினது யாரு, நானா?"

சோளக்காரர் மாப்பிள்ளையோடு பேசி நாலு வருடம் ஆகிறது. கடையை விட்ட பிறகும் மாப்பிள்ளை வீட்டில் வைத்துத் தைத்துக்கொடுத்த பேன்ட் ஒரே மாதத்தில் இடுப்பில் பிடித்தது. "அளவு தப்பு" என்றார் அவர். "தைச்சவன் தப்பில்ல, தின்னவன் தப்பு" என்றார் இவர். அதுவும் சோளக்காரரின் மனைவியை வைத்துக்கொண்டு.

கழுத்தில் அளவு டேப் ஆட, அவர் ஓடினார்.

"அவசரத்துலயும் பாரு, நேர்கோட்டுல ஓடுறாரு," என்றார் மாமனார் கொட்டகையிலிருந்து.

"யாரு, டைலரா?" சோளக்காரர் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. "வேலிக்குக் கிராப்பு வெட்டியாச்சு போல?"

"ஒரு உதவிங்க. வேலி திரும்ப வளர்ற வரைக்கும் எங்க பக்கம் எட்டு வரிசைக்கு மட்டும் மருந்து வேணாம். காத்து திரும்பினப்புறம் மிச்சத்துக்கு அடிங்க. அந்த எட்டு வரிசையில களை, புழு எல்லாம் நாங்களே கையால எடுத்துடறோம்."

"அது சரி. அந்தப் பேன்ட் யார் தப்பு?"

மாப்பிள்ளையின் கண் தானாகச் சோளக்காரரின் பெல்ட்டுக்குப் போனது. கடையில் போட்ட ஓட்டைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய புது ஓட்டைகள் மூன்று. கடைசி ஓட்டை பெல்ட்டின் நுனிக்கே வந்துவிட்டது. இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? நாலு வருட வழக்கு, நாக்கு நுனியில் தீர்ப்பு.

திரும்பிப் பார்த்தார். வெட்டிய வேலிக்கு மேலே மனைவி இடுப்புவரை தெரிந்தாள். கையில் கீரைக்கட்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கீரையை ஒவ்வொரு நாற்றாக அவள் பிடுங்கி நட்டது அவருக்குத் தெரியும்.

தீர்ப்பை விழுங்கினார்.

"என் தப்புதாங்க."

"என் வீட்டுக்காரிக்குக் கேக்கணும்."

"அளவு எடுத்ததுல என் தப்பு!" என்று கத்தினார். கொட்டகையில் மாமனார் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டார்.

சோளக்காரர் எஞ்சினை அணைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "எட்டு போதுமா? பத்தாவே வச்சுக்கோங்க. பேன்ட்டைக் கொண்டுவரட்டுமா? வச்சிருக்கேன்."

"கொண்டாங்க. உள்ள ரெண்டு அங்குலம் துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன். பிரிச்சு விட்டுடலாம்."

எதைத் தைத்தாலும் உள்ளே கொஞ்சம் துணி விடுகிறவர், வேலிக்கு மட்டும் விட மறந்துவிட்டார்.

திரும்பி வந்தவரிடம் மனைவி கேட்டாள்: "நிஜமாவே அளவு தப்பா?"

"பெல்ட்டைப் பார்த்தியா?"

"இங்கிருந்தே தெரிஞ்சுது." சிரிப்பை அடக்க முடியாமல் கூடையை அவர் தலையில் ஏற்றினாள். "அந்தக் கத்தரியை இனி உங்க கண்ணுல காட்டமாட்டேன். உங்களுக்குக் கைகால் அரிச்சா, அந்தப் பத்து வரிசையில போய்க் களை எடுங்க."

"நேரா எடுக்கவா?"

"எப்படியோ எடுத்துத் தொலைங்க," என்று அவர் சட்டையில் ஒட்டியிருந்த வேலித் தழையைத் தட்டிவிட்டாள்.